எதிராளியின் கையில் இருக்கும் கணினி: இணைய விளையாட்டுகளில் கள்ளாட்டத்தைத் தடுப்பது ஏன் இத்தனை கடினம்

இணையத்தில் பலர் கூடி ஆடும் போட்டி விளையாட்டுகளில், ஓரளவு புகழ்பெற்ற எதுவும் கள்ளாட்டத்திலிருந்து தப்பியதில்லை. சுவருக்கு அப்பால் நிற்பவரைக் கண்ணால் கண்டதுபோல் முன்கூட்டியே குறிவைப்பவர்கள், மற்றவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நான்கு பேரைத் தலையில் சுட்டு வீழ்த்துபவர்கள், இரவு பகல் பாராமல் பொருள் சேர்க்கும் தானியங்கிக் கணக்குகள் என்று அதன் வடிவங்கள் பல. இவ்வளவு வருமானம் ஈட்டும் நிறுவனங்களால் இதை ஏன் ஒழிக்க முடியவில்லை என்று ஆட்டக்காரர்கள் கோபத்துடன் கேட்கிறார்கள். அலட்சியம்தான் காரணம் என்பது சில விளையாட்டுகளைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் பெரும் பணமும் திறமையான பொறியாளர்களும் இறக்கப்பட்ட இடங்களிலும் கள்ளாட்டம் தொடர்கிறது. அதற்கான வேர், இந்த விளையாட்டுகள் கட்டப்பட்டிருக்கும் விதத்திலேயே இருக்கிறது.

எல்லா முடிவுகளையும் நிறுவனத்தின் சர்வரே எடுத்து, ஆட்டக்காரரின் கணினி விசை அழுத்தங்களை அனுப்பிப் படத்தைக் காட்டும் வேலையை மட்டும் செய்தால், ஏமாற்றுவதற்கான இடம் மிகவும் குறைந்துவிடும். தொலைவுதான் அதற்குத் தடை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும். சர்வர் 5,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒரு செய்தி போய்த் திரும்பவே 50 மில்லிவிநாடி ஆகும், இடையில் உள்ள கருவிகளின் தாமதம் தனி. ஒவ்வோர் அடியையும் சர்வரின் அனுமதிக்காக நிறுத்திவைத்தால், ஆட்டம் சேற்றில் நடப்பதுபோல் இழுக்கும். ஆகவே 1996-இல் வெளிவந்த குவேக்வேர்ல்ட் என்னும் சுடும் விளையாட்டின் காலத்திலிருந்தே, ஆட்டக்காரரின் கணினி அடுத்து என்ன நடக்கும் என்பதைத் தானே கணித்து உடனே திரையில் காட்டுகிறது. சர்வர் பின்னால் வந்து சரிபார்க்கிறது. இந்தக் கணிப்பு சீராக நடக்க வேண்டுமானால், எதிரிகள் எங்கே இருக்கிறார்கள், எந்தப் பக்கம் ஓடுகிறார்கள், யாருடைய காலடி ஓசை எங்கிருந்து கேட்க வேண்டும் என்பதெல்லாம், அவை திரையில் தெரிவதற்கு முன்பே அந்தக் கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆட்டக்காரர் அறியக் கூடாத செய்தி, அவருக்கே சொந்தமான கணினியின் நினைவகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சீட்டாட்டத்தில் எதிராளியின் சீட்டுகளை ஓர் உறையில் போட்டு நம் கையிலேயே கொடுத்து, பிரித்துப் பார்க்காதே என்று சொல்வதற்கு ஒப்பானது இது. வால்ஹேக் என்று அழைக்கப்படும் ஏமாற்று வேலை அந்த உறையைப் பிரிப்பதுதான். நினைவகத்தில் எந்த இடத்தில் எதிரிகளின் இருப்பிடம் எழுதப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைப் படித்துத் திரையின் மேல் ஒரு சட்டமாக வரைந்துவிட்டால் போதும். விளையாட்டின் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இதற்கு நேர்மையான மருந்து, தேவையில்லாத செய்தியை அனுப்பாமல் இருப்பதே. எல்லா விளையாட்டுக்கும் அது வாய்ப்பதில்லை. 1997-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்ற வியூக விளையாட்டுகளில், மெதுவான மோடம் இணைப்பில் நூற்றுக்கணக்கான படைவீரர்களின் நிலையை அனுப்ப வழியில்லாததால், ஆட்டக்காரர்கள் இட்ட கட்டளைகள் மட்டும் பரிமாறப்பட்டன. ஒவ்வொரு கணினியும் முழு உலகத்தையும் தானே கணக்கிட்டு ஓட்டியது. அப்படியானால் எதிரியின் நாடு முழுவதும் ஒவ்வொருவரின் கணினியிலும் இருந்தாக வேண்டும். வரைபடத்தின் இருள் வெறும் திரைச்சீலை மட்டுமே. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், டோட்டா 2 போன்றவற்றில் சர்வரே உலகத்தை ஓட்டி, ஓர் அணிக்குத் தெரியக்கூடியதை மட்டும் அந்த அணிக்கு அனுப்புகிறது. 2020-இல் வந்த வேலரண்ட், இந்த முறையைச் சுடும் விளையாட்டிலும் பயன்படுத்தியது: பத்து ஆட்டக்காரர்களில் யாருக்கு யார் தெரியக்கூடும் என்பதைச் சர்வரே கணக்கிட்டு, தெரிய வாய்ப்பில்லாதவரின் இருப்பிடத்தை அனுப்பாமல் நிறுத்திவைக்கிறது.

அதிலும் முழு வெற்றி கிடையாது. மூலையைத் திரும்பும் எதிரி வெற்றிடத்திலிருந்து திடீரென்று முளைத்ததுபோல் தோன்றாமல் இருக்க, அவர் தெரிவதற்குச் சற்று முன்னதாகவே செய்தி போய்ச் சேர வேண்டும். அந்தச் சிறு இடைவெளி ஏமாற்றுபவருக்கும் கிடைக்கிறது. ஓசையையும் மறைக்க முடியாது. நூறு பேர் ஆடும் பரந்த நிலப்பரப்பில், மரங்களுக்கும் புல்வெளிகளுக்கும் இடையே எட்டிய தூரம் வரை பார்க்க முடிகிற விளையாட்டில், இந்தக் கணக்கு சர்வருக்குப் பெரும் சுமையாகிறது. ஆனாலும் எல்லாத் தடுப்பு முறைகளிலும் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். யாருடைய கணினியையும் வேவு பார்க்காமல், யார்மீதும் சந்தேகப்படாமல், ஏமாற்றுவதற்கான பொருளையே இது இல்லாமல் ஆக்குகிறது.

எய்ம்பாட் வேறு வகை. அங்கே திருடப்படுவது செய்தி அல்ல. எதிரி திரையில் நியாயமாகத் தெரிகிறார். அவரை நோக்கித் துப்பாக்கியைத் திருப்புவது மட்டும் மனிதக் கை அல்ல. சர்வருக்கு வந்து சேர்வதோ, சுட்டி இவ்வளவு நகர்ந்தது, இந்தக் கணத்தில் பொத்தான் அழுத்தப்பட்டது என்னும் எண்கள் மட்டுமே; அவற்றை அனுப்பியது விரலா நிரலா என்று அந்த எண்களில் எழுதியிருக்காது. தொடக்கத்தில் இத்தகைய மென்பொருள்கள் விளையாட்டின் நினைவகத்தைப் படித்தன, சில நேரம் அதற்குள் தங்கள் நிரலையே புகுத்தின. அவை கண்டுபிடிக்கப்படத் தொடங்கியதும், திரையில் தெரியும் படத்தை மட்டும் பார்த்து, எதிரியின் உருவத்தை அடையாளம் கண்டு குறிவைக்கும் மென்பொருள்கள் வந்தன. இன்று இயந்திரக் கற்றலால் பயிற்றுவிக்கப்பட்ட நிரல் ஒன்று இரண்டாவது கணினியில் ஓடலாம். முதல் கணினியின் படம், திரைப்படத்தைப் பிடித்து அனுப்பும் கேப்சர் கார்டு என்னும் கருவி வழியாக அதற்குப் போகலாம். அது தரும் விடை, சாதாரணச் சுட்டி போல் நடிக்கும் ஒரு சிறு கருவி வழியாகத் திரும்பி வரலாம். விளையாட்டு ஓடும் கணினியில் நிறுவப்பட்ட வேற்று மென்பொருள் என்று எதுவுமே அப்போது இருக்காது. கூகுளின் ஸ்டேடியா போன்ற சேவைகள், விளையாட்டை முழுக்கத் தங்கள் சர்வரிலேயே ஓட்டிப் படத்தை மட்டும் அனுப்பின. அது வால்ஹேக்கின் வேரை அறுத்தது. படத்தைப் பார்த்தே குறிவைக்கும் நிரலை அதனாலும் தடுக்க முடியாது. ஸ்டேடியாவும் 2023 ஜனவரியில் மூடப்பட்டது.

ஆக, சர்வரால் மட்டும் காவல் காக்க முடியாது என்று கண்ட நிறுவனங்கள் ஆட்டக்காரரின் கணினிக்குள் காவலரை அனுப்பின. 2000-களின் தொடக்கத்தில் வந்த பங்க்பஸ்டர், 2002-இல் வால்வ் நிறுவனம் கொண்டுவந்த விஏசி ஆகியவை, அறிந்த ஏமாற்று மென்பொருள்களின் அடையாளத்தைக் கணினியில் தேடின. பார்வைக்கு இது வைரஸ் தடுப்பு மென்பொருளின் வேலையை ஒத்திருக்கும். ஆனால் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. இத்துறையின் பெரும்பாலான துன்பங்களும் அதிலிருந்தே பிறக்கின்றன. வைரஸ் தடுப்பில் கணினியின் உரிமையாளரும் காவலரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். இங்கே உரிமையாளரே கதவைத் திறந்துவிடுகிறார். பாதுகாப்பு அமைப்புகளைத் தானே அணைக்கிறார், கடவுச்சொல்லைத் தானே தட்டச்சு செய்கிறார், தேவையானால் காசு கொடுத்து வன்பொருளையே மாற்றுகிறார்.

இதன் விளைவு ஆழத்தை நோக்கிய ஓட்டம். இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இடம்பிடித்த நிரல், சாதாரண நிலையில் ஓடும் நிரல்களுக்கு எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்ய முடியும். ஏமாற்று மென்பொருள்கள் அங்கே இறங்கின. தடுப்பு மென்பொருள்களும் பின்தொடர்ந்தன. கெர்னலில் ஓடும் டிரைவர் எனப்படும் நிரல்களில் சான்றொப்பம் இல்லாதவற்றை விண்டோஸ் ஏற்காது என்றானபோது, நல்ல நிறுவனங்கள் எப்போதோ ஒப்பமிட்டு வெளியிட்ட, ஓட்டையுள்ள பழைய டிரைவர்களைத் தேடிப் பிடித்து, அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தார்கள். முதலில் ஏறியவர் பின்னால் ஏறுபவரைக் கண்காணிக்கலாம் என்பதால், ரயட் கேம்ஸ் 2020-இல் வேலரண்டுடன் வெளியிட்ட வேன்கார்ட் என்னும் தடுப்பு மென்பொருள், விளையாட்டைத் திறக்கும்போது அல்லாமல் கணினி தொடங்கும்போதே ஏற்றப்படுகிறது. கணினி தொடங்குவதற்கு முந்தைய நிலையிலேயே குறுக்கிட முடியும் என்று மறுதரப்பு காட்டியதும், தொடக்கத்தில் ஓடுவது நம்பகமான நிரல்தானா என்று சரிபார்க்கும் செக்யூர் பூட், அதற்கான பதிவைக் காக்கும் டிபிஎம் 2.0 போன்ற வன்பொருள் சார்ந்த பாதுகாப்புகள் சில விளையாட்டுகளுக்குக் கட்டாயமாயின.

அங்கும் முடியவில்லை. மதர்போர்டில் செருகப்படும் ஓர் அட்டை, செயலியைக் கேட்காமல் நேரடியாகவே நினைவகத்தைப் படித்து இன்னொரு கணினிக்கு அனுப்ப முடியும். டிஎம்ஏ என்னும் இந்த வசதி, வேகத்துக்காகக் கணினிகளில் முறையாகவே இருப்பது. அதைக் கட்டுப்படுத்தும் காவல் பகுதியான ஐஓஎம்எம்யூ, சில மதர்போர்டுகளில் இயக்கத்தில் இருப்பதாகக் காட்டப்பட்டாலும், கணினி தொடங்கும் முதல் கணங்களில் சரிவர இயங்கவில்லை என்பதை ரயட் கேம்ஸ் 2025 டிசம்பரில் வெளிப்படுத்தியது. ஆசூஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் ஆகிய தயாரிப்பாளர்கள் அதற்கான திருத்தங்களை வெளியிட வேண்டியிருந்தது. ஒரு விளையாட்டில் கள்ளாட்டம் பிடிக்கப் புறப்பட்டவர்கள், உலகெங்கும் உள்ள கணினிகளின் அடித்தளப் பிழையைக் கண்டுபிடித்தார்கள் என்பது, இந்த ஓட்டம் எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்பதற்குச் சான்று.

இந்த ஆழத்துக்கான விலையைக் கொடுப்பவர் நேர்மையாக ஆடுபவர். கெர்னலில் ஓடும் நிரலில் ஒரு பிழை நேர்ந்தால் முழுக் கணினியும் அதன் கையில் மாட்டுகிறது. 2016 செப்டம்பரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 விளையாட்டுக்கான அப்டேட்டுடன் கேப்காம் நிறுவனம் அனுப்பிய டிரைவர், எந்த நிரலும் கெர்னல் அதிகாரத்துடன் தன் கட்டளைகளை ஓட்டிக்கொள்ள வழிவிட்டது; நிறுவனம் விரைவிலேயே அதைத் திரும்பப் பெற்றது. கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் தடுப்பு டிரைவரைக் குற்றவாளிகள் தனியே எடுத்துவந்து, வைரஸ் தடுப்பு மென்பொருளை அணைக்கவும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரைப் பரப்பவும் பயன்படுத்தியதை டிரெண்ட் மைக்ரோ என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2022-இல் விவரித்தது. பாதிக்கப்பட்ட கணினியில் அந்த விளையாட்டு இருந்திருக்கவே வேண்டியதில்லை. 2013-இல் ஈஎஸ்ஈஏ என்ற போட்டித் தளத்தின் கள்ளாட்டத் தடுப்பு மென்பொருளுக்குள், பிட்காயின் தோண்டும் நிரல் ஒன்று புகுத்தப்பட்டுச் சுமார் 14,000 கணினிகளில் ஓடியது. நியூ ஜெர்சி மாநில அரசுடன் 10 லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொள்ளும் நிலை அந்த நிறுவனத்துக்கு ஏற்பட்டது. நேர்மையின் பெயரால் கேட்கப்படும் அதிகாரத்துக்கும் கண்காணிப்பு வேண்டும் என்பதை இவை சொல்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் இன்னொரு வகையில் இழந்தார்கள்: அங்கே இத்தகைய காவல் கடினம் என்று கூறி, ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபரில் அவர்களுக்கான அனுமதியையே நிறுத்தியது.

கண்டுபிடித்த உடனேயே தண்டிப்பதும் பெரும்பாலும் நடப்பதில்லை. ஆட்டக்காரர்களை மிகவும் எரிச்சலூட்டும் நடைமுறை இது, ஆனால் இதற்குக் காரணம் உண்டு. இன்று வெளிவந்த ஏமாற்று மென்பொருளை இன்றே பிடித்தால், எந்த மாற்றத்தால் மாட்டிக்கொண்டோம் என்பதை அதை எழுதியவர் உடனே ஊகித்துத் திருத்திவிடுவார். அதனால் நிறுவனங்கள் பட்டியலைச் சேர்த்துவைத்து, ஒரே நாளில் மொத்தமாகத் தடை விதிக்கின்றன. டோட்டா 2-இல் வால்வ் இதைத் திறமையாகச் செய்தது: சாதாரண ஆட்டத்தில் ஒருபோதும் படிக்கப்படாத, ஏமாற்று மென்பொருள் மட்டுமே தொடக்கூடிய ஒரு தரவுப் பகுதியை ஓர் அப்டேட்டில் பொறியாக வைத்து, அதைத் தொட்ட 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை 2023 பிப்ரவரியில் நிரந்தரமாகத் தடைசெய்தது. பொறி வைத்ததற்கும் தடை விதித்ததற்கும் இடையே, அந்தக் கணக்குகளுடன் ஆடியவர்கள் கெட்டுப்போன ஆட்டங்களைச் சுமந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

தடைபெற்றவர் திரும்பி வருவதும் எளிது. காசு கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டில் புதுக் கணக்கு என்பது புதுச் செலவு. இலவச விளையாட்டில் அது சில நிமிட வேலை. ஆகவே கணக்கோடு கணினியின் அடையாள எண்களையும் சேர்த்துத் தடைசெய்கிறார்கள். அந்த எண்களை மாற்றிக் காட்டும் மென்பொருள்களும் விற்பனைக்கு வருகின்றன. ஏமாற்று மென்பொருள் இன்று மாதச் சந்தாவும் வாடிக்கையாளர் சேவையும் உள்ள தொழில். பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய 80 விற்பனைத் தளங்களை ஆராய்ந்து, அவற்றின் ஆண்டு வருமானம் 1.28 கோடி டாலரிலிருந்து 7.32 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். பாதுகாப்பு வலுவாக உள்ள விளையாட்டுக்கான ஏமாற்று மென்பொருளின் விலையும் அதிகமாக இருப்பதாக அவர்கள் கண்டார்கள். தடுப்பின் வெற்றியை அளக்க அந்த விலை நல்ல அளவுகோல் என்று நினைக்கிறேன். கள்ளாட்டத்தை இல்லாமல் ஆக்க முடியாத இடத்தில், அதை அரிதாகவும் செலவு மிக்கதாகவும் ஆக்கலாம்.

சட்டம் இதில் துணைக்கு வருகிறது, ஆனால் சீராக இல்லை. தென்கொரியா 2016-இல் சட்டத் திருத்தம் வழியாக ஏமாற்று மென்பொருளை உருவாக்குவதையும் பரப்புவதையும் குற்றமாக்கியது. அமெரிக்காவில் ஆக்டிவிஷன், பங்ஜி ஆகிய விளையாட்டு நிறுவனங்கள் நீதிமன்றங்களில் இழப்பீடு பெற்றிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமோ 2024 அக்டோபரில் சோனி தொடர்ந்த வழக்கில், விளையாட்டின் நிரலை மாற்றாமல், நினைவகத்தில் உள்ள மாறிகளின் மதிப்பை மட்டும் மாற்றும் மென்பொருள், கணினி நிரல்களுக்கான பதிப்புரிமைப் பாதுகாப்பை மீறுவதாகாது என்று கூறியது.

கணினிக்குள் தடயமே இல்லாதபோது, எஞ்சியிருப்பது ஆடும் விதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதுதான். இங்கே பொறியியலைவிடக் கணக்கும் நீதியும் முன்னுக்கு வருகின்றன. பத்து லட்சம் பேர் ஆடும் விளையாட்டில் நூற்றுக்கு ஒருவர், அதாவது 10,000 பேர், ஏமாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் கருவி அவர்களில் 9,900 பேரைப் பிடிக்கும். ஏமாற்றாத 9,90,000 பேரிலும் நூற்றுக்கு ஒருவரை, அதாவது 9,900 பேரை, அது தவறாகக் குற்றவாளி என்று காட்டும். கேட்பதற்குச் சிறப்பாகத் தோன்றும் அந்தக் கருவியை நம்பித் தடை விதித்தால், தண்டிக்கப்பட்டவர்களில் சரிபாதி நிரபராதிகள். அதனால் நிறுவனங்கள் வரம்பை மிகவும் உயர்த்தி வைக்கின்றன. உயர்த்தியதும், கொஞ்சமாக மட்டும் உதவி பெறுபவர் தப்பிவிடுகிறார். ஒவ்வொரு குண்டையும் தலையில் வைப்பவரைப் பிடிப்பது எளிது. எதிரி எந்தப் பக்கம் இருக்கிறார் என்று ஆட்டத்துக்கு இரண்டு முறை மட்டும் பார்த்துக்கொண்டு, மற்றபடி தன் கையால் ஆடுபவரை, அனுபவத்தால் அதையே ஊகிக்கும் தேர்ந்த ஆட்டக்காரரிடமிருந்து பிரித்தறிவது மிகமிகக் கடினம்.

தவறான தீர்ப்பு வெறும் கற்பனை அச்சம் அல்ல. 2010-இல் மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய சுமார் 12,000 பேரை விஏசி தவறாகத் தடைசெய்தது. வால்வ் தடைகளை நீக்கி மன்னிப்புக் கேட்டது. 2023 அக்டோபரில் ஏஎம்டி நிறுவனம் தன் கிராஃபிக்ஸ் டிரைவரில் சேர்த்த ஒரு புதிய வசதி, கவுண்டர் ஸ்டிரைக் 2-இன் நிரலுக்குள் கைவைத்ததால், அதை இயக்கிய குற்றமற்றவர்களும் தடைக்கு உள்ளானார்கள். கணினியில் ஏமாற்று மென்பொருள் ஓடியதாகவே உறுதியானாலும், அதை ஓடவிட்டவர் யார் என்பது தனிக் கேள்வி: 2024 மார்ச்சில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸின் வட அமெரிக்க இறுதிப் போட்டி நேரலையாக நடந்துகொண்டிருந்தபோது, வெளியாள் ஒருவர் இரு போட்டியாளர்களின் திரையில் ஏமாற்று வசதிகளை இயங்கவைத்தார்; போட்டி ஒத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், கால் ஆஃப் டியூட்டியின் ரிக்கோஷே தடுப்பு அமைப்பில் இருந்த ஒரு குறையால் நேர்மையான ஆட்டக்காரர்கள் தடைசெய்யப்பட்டதை ஆக்டிவிஷன் ஒப்புக்கொண்டது. ஏமாற்று மென்பொருளைக் காட்டிக்கொடுக்கும் சில சொற்களை அந்த அமைப்பு நினைவகத்தில் தேடியது. அந்தச் சொற்களையே செய்தியாக ஒருவருக்கு அனுப்பினால், பெற்றவர் குற்றவாளி ஆகிவிடுவார் என்பதை அந்தக் குறையைப் பயன்படுத்தியவரே பின்னர் விவரித்தார்.

தடைபெற்றவர் காரணம் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் ‘விரிவாகச் சொல்ல இயலாது’ என்பதே. கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டால் மறுதரப்பு அதைத் தாண்டிவிடும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. நினைவகத்தில் எந்த அடையாளத்தைத் தேடினோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அது மறைவாகவே இருக்கட்டும். ஆனால் ஆடிய விதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லும்போது அந்த ஆட்டத்தின் பதிவு கையில் இருக்கிறது, அதைக் காட்டுவதால் எந்த ரகசியமும் கசியாது. 2013-இல் வால்வ் கவுண்டர் ஸ்டிரைக்கில் கொண்டுவந்த ஓவர்வாட்ச் முறையில், புகாருக்கு உள்ளானவரின் ஆட்டப் பதிவை, பெயர்களை மறைத்து, அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் பலர் தனித்தனியே பார்த்துத் தீர்ப்பளித்தார்கள். மனிதர்கள் கொடுத்த புகார்களில் 15 முதல் 30 விழுக்காடு வரையே அங்கே குற்றம் உறுதியானது என்றும், விஏசிநெட் என்ற இயந்திரக் கற்றல் அமைப்பு சுட்டிக்காட்டியவற்றில் அது 80 முதல் 95 விழுக்காடாக இருந்தது என்றும் வால்வ் பொறியாளர் 2018-இல் விளக்கினார். இயந்திரம் சந்தேகத்தை எழுப்பியது, முடிவை மனிதர்கள் எடுத்தார்கள். தடை விதிக்கப்பட்டவருக்கும் அந்தப் பதிவை அனுப்பி, மறுபரிசீலனைக்கு வேறு ஆட்களைக் கொண்டு பார்க்கச் செய்வதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.